சட்டை வந்த பாதை – 17: கத்திரி வெயிலில் இரண்டு சட்டைகள்

முன்கதை: 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி மேல்சட்டையைத் துறந்தார். அவர் வழிவந்த தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களோ கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில், ஆதிதிராவிட ஆண்கள் கோட்டோ சட்டையோ பனியனோ போடக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் கட்டளை போட்டார்கள். 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாட்டுப் பந்தல் எரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வேட்டிக்கு மேலே தொங்கவிடும் ‘ஸ்லாக்’ சட்டை ஊர்களுக்குள் நுழைந்தது. இனி...

* * *

1973 மே மாதம். திண்டுக்கல்லில் கத்திரி வெயில்.

பகலெல்லாம் குடித்த சூட்டை மலைக்கோட்டைப் பாறை இரவு பத்து மணிக்கும் ஊருக்குள் ஊதிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. முகூர்த்தக் காலம் என்பதால் ரத வீதித் துணிக்கடைகளிலும் அவற்றை அண்டிப் பிழைக்கும் தையல் கடைகளிலும் வழக்கமாகவே கூட்டம் இருக்கும். அந்த வருடம் கல்யாணங்களோடு ஒரு தேர்தலும் வந்து சேர்ந்தது.

திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராக இருந்த திமுகவின் ராஜாங்கம் காலமானதால் வந்த இடைத்தேர்தல். வாக்குப்பதிவு மே 20. ஆளும் திமுகவின் வேட்பாளர் பொன். முத்துராமலிங்கம். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸுக்கு என்.எஸ்.வி. சித்தன். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கி, ஏழே மாதம் ஆகியிருந்த அதிமுகவுக்கு மாயத்தேவர் என்ற வழக்கறிஞர். சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட இரட்டை இலை பின்னாளில் என்ன ஆனது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

சின்னத்தின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். இந்தத் தொடருக்கு வேண்டியது வேறு. அந்த மே மாதத்தில் மேடையில் நின்றவர்கள் என்ன சட்டை போட்டிருந்தார்கள்? மேடைக்குக் கீழே நின்ற இளைஞர்கள் எதைப் போட ஆசைப்பட்டார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுக்கொன்று நேரெதிர்.

மேடைச் சட்டை வெளுத்தது. தெருச் சட்டை நிறம் பிடித்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன.

வெளுத்த மேடை

திண்டுக்கல் ஆளைத் துணியால் அடையாளம் காணும் ஊர். 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் தலையில் சுற்றியிருந்த தலைப்பாவின் பேரால்தான் உலகம் அறிந்த கடையாயிற்று. இந்த ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் பழனி மலை. அங்கே முருகனே ஒரு வேளை கோவணம் கட்டிய ஆண்டியாகவும், ஒரு வேளை கிரீடமும் பட்டும் பூண்ட ராஜாவாகவும் காட்சி தருகிறார். உடை மாறினால் கோலமே மாறும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த சேதி.

அரசியலிலும் அப்படித்தான் இருந்தது. 1940களில் எதிரே வருபவரின் சட்டையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடலாம். முரட்டுக் கதர் என்றால் காங்கிரஸ். கறுப்பு என்றால் பெரியார் தொண்டர். துணியின் நெசவும் நிறமுமே கொள்கையைப் பேசின.

1949-ல் பிறந்த திமுக இந்தக் கணக்கைக் கலைத்தது. தொண்டர்கள் எல்லாரும் எப்போதும் கருஞ்சட்டையோடு திரிவதில் அண்ணாவுக்கு ஆரம்பத்திலிருந்தே முழுச் சம்மதம் இருந்ததில்லை. அவர் போட்டது வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு சாதாரணமானதல்ல என்று முந்தைய பகுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டிய துணி அது. அதைத் தோளிலேயே வைத்திருப்பதற்காகத் தென்மாவட்டங்களில் ஒரு தலைமுறை போராடியிருக்கிறது.

சட்டை வெள்ளையாகிவிட்டால் கட்சி நிறம் எங்கே போகும்? கீழே இறங்கியது. வேட்டிக் கரைக்குப் போயிற்று.

கரைவேட்டியின் சூட்சுமம் எளிது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலில், ஓரத்தில் மட்டும் சாயம் தோய்த்த இழைகளைச் சேர்த்துவிட்டால் நெய்ய நெய்யக் கரை தானாக விழும். கறுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து ஓடினால் திமுக. இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தால் அதிமுக. ஒரு கட்சி இரண்டாக உடைந்ததை நெசவாளர் சில இழைகளில் சொல்லிவிட முடிந்தது.

சட்டைக்கு அந்தத் தொல்லையே இல்லை. 1973-ல் திண்டுக்கல் தொகுதிக்குள் ஓட்டுக் கேட்டு வந்த மூன்று முகாம்களின் மேடைகளிலும் சட்டை வெள்ளைதான். காமராஜர் தொளதொளவென்ற கதர்ச் சட்டையில் வந்தார். திமுக தலைவர்களின் வெள்ளைச் சட்டைக்குத் துணை தோளில் துண்டு. எம்.ஜி.ஆர். முழுக்கை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அடிமைப் பெண் படக் காலத்திலிருந்து தலையில் ஏறிக்கொண்ட வெள்ளைத் தொப்பி. கருஞ்சட்டையை விடாமல் வைத்திருந்த பெரியாருக்கு அப்போது வயது 93. அந்த டிசம்பரில் அவர் மறைந்தார்.

வெள்ளைச் சட்டை எளிமையின் சின்னம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு நாள் வேலை செய்தவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்க வெள்ளாவி வேண்டும், நீலம் வேண்டும், கஞ்சி வேண்டும், கரி போட்ட இஸ்திரிப் பெட்டி வேண்டும். அதற்கெல்லாம் மேலே, அந்த வேலைகளைச் செய்துதர இன்னொருவரின் கைகள் வேண்டும். நாற்றங்காலில் இறங்குகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. மண்ணைத் தொடாதவரின் சட்டை அது. ஓட்டுக் கேட்க வருகிறவர் வெள்ளையில் வந்தார். ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த வெள்ளை கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான்.

திரையில் வந்த நிறம்

மே 11. வாக்குப்பதிவுக்குச் சரியாக ஒன்பது நாள் முன்பு ஒரு படம் வெளிவந்தது. உலகம் சுற்றும் வாலிபன்.

எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். ஜப்பானில் ஒசாகா நகரத்து எக்ஸ்போ 70 கண்காட்சி, ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று கடல் கடந்து எடுத்த வண்ணப்படம். படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாக மதுரைத் திமுக தலைவர் முத்து சவால் விட்டார் என்ற பேச்சு அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. படம் வந்ததும் ரசிகர்கள் சேலையோடு கிளம்பினார்கள் என்றும் கதை நீளும். ஆணின் தோல்விக்குப் பெண்ணின் உடையை அவமானச் சின்னமாக்கிய பேச்சு அது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் யாரும் பெண்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர்தலின் சூடு எவ்வளவு தூரம் துணிமணியில் ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐம்பதைத் தாண்டிய எம்.ஜி.ஆர். அந்தப் படத்தில் காட்சிக்குக் காட்சி நிறம் மாற்றினார். படமெடுத்தது 1970-ல், திரைக்கு வந்தது 1973-ல். லண்டன், டோக்கியோ கணக்குப்படி அந்த மோஸ்தருக்கு மூன்று வயதாகிவிட்டது. திண்டுக்கல் சமவெளிக்கு அது புத்தம் புதிது.

அந்த நிறங்களின் பயணம் அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. 1960களின் நடுவில் லண்டன் கார்னபி தெருக் கடைகளில் ஆண்களுக்குப் பூப்போட்ட சட்டைகள் தொங்கின. அதுவரை மேற்கத்திய ஆணின் நல்ல சட்டை என்றால் வெள்ளை, மிஞ்சிப்போனால் இளநீலம். அங்கிருந்து பம்பாய் சினிமா அதைப் பிடித்தது. ராஜேஷ் கன்னாவின் ஆராதனா 1969-ல் வந்தபோது இந்தி தெரியாத சென்னை இளைஞர்களும் பார்த்தார்கள். சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து திண்டுக்கல். பேசும் படம், பொம்மை இதழ்களின் பக்கங்களும் தியேட்டர் வாசல் கண்ணாடிப் பெட்டியில் குத்திவைத்த ஸ்டில்களும் தையல்காரர்களின் பாடப்புத்தகம் ஆயின.

ஆனால் சினிமா ஆசையைத்தான் மூட்டும். ஆசை சட்டையாக மாற துணி வேண்டும். அந்தத் துணிக்குக் கொடுக்கக் கையில் காசும் வேண்டும்.

கசங்காத துணி

1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழைக்கு டெரிலின் என்று பேர் வைத்தார்கள். நம் ஊரில் முதலில் அது சிங்கப்பூர், மலேயா போய்வந்தவர்களின் பெட்டியில்தான் வந்து இறங்கியது. 1960களின் நடுவில் இந்தியாவிலேயே அந்த இழை தயாரானது. பருத்தியோடு கலந்து நெய்த ‘டெரிகாட்டன்’ துணிக்கடை அலமாரிகளில் ஏறியது. நூற்றுக்கு 67 பங்கு பாலியெஸ்டர், 33 பங்கு பருத்தி என்பது பரவலான கலவை.

இந்தத் துணியைப் பற்றி நகரத்து எழுத்தாளர்கள் அந்தக் காலத்தில் நல்லபடியாக எழுதியதில்லை. வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டும், வெயில் நாட்டுக்கு ஆகாது என்றார்கள். எல்லாம் உண்மை. கத்திரி வெயிலில் டெரிலின் சட்டை போட்டவர் முதுகைப் பார்த்தாலே தெரியும். சுருட்டுக்குப் பேர்போன இந்த ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கங்கு விழுந்தால் பருத்தி கருகும். டெரிலின் உருகி, ஓரம் கெட்டிப்பட்ட வட்ட ஓட்டையாக நிற்கும்.

இருந்தும் ஏன் வாங்கினார்கள்?

பேகம்பூர் தோல் கிடங்குகளில் வேலை செய்தவரையும், பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவரையும், நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவரையும் வைத்து யோசித்தால் விடை கிடைக்கும். அவரிடம் நல்ல சட்டை என்று இருந்தது ஒன்றுதான். பருத்திச் சட்டையைத் துவைத்தால் அரை நாள் காயவேண்டும், பிறகு பெட்டி போடவேண்டும். டெரிகாட்டனை இரவில் அலசி உதறிக் கொடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். பெட்டி வேண்டாம், கஞ்சி வேண்டாம். பூவும் கட்டமும் போட்ட அடர்நிறத் துணியில் எண்ணெய்க் கறை தெரியாது. சாயம் லேசில் போகாது. ஒரே சட்டையை அடுத்தடுத்த நாள் போட்டாலும் நேற்றைய சட்டை என்று எதிரே நிற்பவருக்குத் தோன்றாது.

வெள்ளைச் சட்டைக்காரருக்கு வேலை செய்ய இன்னொரு கை தேவைப்பட்டது. இந்தப் பூப்போட்ட சட்டைக்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை. உழைக்கிறவர் தன் சட்டையைத் தானே பராமரித்துக்கொண்டு, எந்நேரமும் கசங்காமல் தெருவில் நடக்க முடிந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பு பக்கத்துச் சீமையில் சட்டை போடுவதற்கே தடை இருந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த ஆடம்பரத்தின் எடை புரியும். பூப்போட்ட சட்டையைப் பகட்டு என்று ஒதுக்கிய விமர்சனங்கள் இந்த இடத்தைத் தவறவிட்டன.

தையல் மேசை

இனி அந்தக் காலர்.

1970களின் கல்யாணப் படங்கள் எந்த வீட்டுச் சுவரில் இருந்தாலும் முதலில் கண்ணில் படுவது மாப்பிள்ளையின் காலர்தான். தோளை நோக்கி இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி கிடக்கும். அதற்கு முந்தைய தலைமுறைச் சட்டையில் காலர் நுனி இரண்டரை, மூன்று அங்குலத்தோடு அடங்கிவிடும். இப்போது நான்கையும் தாண்டியது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி வரை ஐரோப்பியச் சட்டை தலைவழியாக மாட்டுகிற சட்டைதான். மார்பு வரை திறப்பு, அதில் நாலைந்து பொத்தான். மேலிருந்து கீழ்வரை முழுக்கத் திறந்து பொத்தான் போடும் சட்டையை 1871-ல் லண்டன் ஆல்டர்மன்பரியில் இருந்த பிரவுன், டேவிஸ் நிறுவனம் பதிவு செய்தது. நம் ஜிப்பா இன்றைக்கும் அந்தப் பழைய முறையிலேயே தலைவழி ஏறுகிறது. முன்பக்கம் முழுக்கத் திறந்த சட்டை வந்த பிறகுதான் காலருக்கு இவ்வளவு மவுசு. மேல் பொத்தானைப் போடாமல் விட்டால் காலர் மடிந்து விரியும். கழுத்தும் மார்பும் தெரியும். அந்த விரிப்பைத்தான் எழுபதுகள் பெரிதாக்கின.

பெரிய காலரைத் தைப்பது லேசான காரியம் இல்லை. நுனி நீளநீள அது தொங்கிப்போகும். உள்ளே கான்வாஸ் வைத்து விறைப்பேற்றவேண்டும். இரண்டு நுனியும் ஒரே கோணத்தில் திரும்பவேண்டும். புரட்டும்போது நுனித் துணியை அதிகம் வெட்டினால் பிய்ந்துவிடும், குறைத்து வெட்டினால் மொட்டையாக நிற்கும். ஒரு தையல்காரரின் கைப்பக்குவம் அந்த முக்கோண நுனியில்தான் தெரிந்தது. காலர் ஒழுங்காக விழாத கடைக்கு அடுத்த தீபாவளிக்கு ஆள் வராது.

தீபாவளி! ஓராண்டின் சட்டைக் கணக்கு அந்த ஒரு நாளில் முடியும். ஆலை போனஸ் வந்ததும் குடும்பத்தலைவர் ஒரே தானில் துணி கிழித்து வாங்குவார். 36 அங்குலப் பன்னாவில் அரைக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ 2 மீட்டர். அப்பா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் ஒரே பூ, ஒரே நிறம். தெருவில் நடந்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவேண்டியதில்லை. தையல் கடைகள் பத்து நாள் முன்பே புது ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடும். முந்தைய இரவு வாசலில் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள். உள்ளே, பள்ளிக்கூடத்தை விட்டு வந்த ஒரு சிறுவன் விளக்கு வெளிச்சத்தில் காஜா எடுத்துக்கொண்டிருப்பான். வாசலில் காத்திருந்த பிள்ளைகளின் வயதுதான் அவனுக்கும். ஊரார் புதுச்சட்டையின் பொத்தான் துளைகளையெல்லாம் அவன் விரல்கள் குத்தி முடித்தன.

எல்லாம் தொடங்குவது அளவு நோட்டில். தோள், மார்பு, கைநீளம், கழுத்து, உயரம் என்று வரிசையாக எண்கள். கூன் விழுந்த தோளுக்கும் ஒரு பக்கம் இறங்கிய தோளுக்கும் தையல்காரர் தனக்கு மட்டும் புரியும் குறி ஒன்று போட்டுவைப்பார். கீழ்விளிம்பு எப்படி என்ற கேள்வி கடைசியாக வரும். பேண்ட்டுக்குள் இன் பண்ணுவதாக இருந்தால் வட்டமாக வெட்டவேண்டும். வேட்டிக்கு மேல் என்றால் நேர் வெட்டு, இரண்டு பக்கமும் திறப்பு. திறப்பு இல்லாவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டும்போது சட்டை சுருண்டு ஏறிக்கொள்ளும். அந்தப் பதிலில் வாடிக்கையாளரின் பிழைப்பே தெரிந்துவிடும். வயலா, ஆபீஸா என்று தனியே விசாரிக்கத் தேவையில்லை.

1973 கோடையில் அந்த நோட்டில் இரண்டு விதமான ஆர்டர்கள் ஏறின. ஒன்று, வெள்ளை, மேடைக்கும் ஊர்வலத்துக்கும். இன்னொன்று, நிறம், தியேட்டருக்கும் திருவிழாவுக்கும். விசேஷம் என்னவென்றால் இரண்டையும் கேட்டு வந்தவர் ஒரே ஆளாக இருக்கலாம். எம்.ஜி.ஆர். மேடையில் வெள்ளையாகவும் திரையில் வண்ணமாகவும் இருந்தார். அவரைப் பின்பற்றியவருக்கு இரண்டு சட்டை தேவைப்பட்டது.

மே 20

வாக்குப்பதிவு முடிந்து பெட்டிகள் திறந்தபோது கணக்குப் போட்டவர்கள் திகைத்தார்கள். மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடம் ஸ்தாபன காங்கிரஸின் சித்தனுக்கு. ஆட்சியில் இருந்த திமுக மூன்றாம் இடத்துக்குப் போயிற்று.

சட்டையின் வரலாற்றில் இந்த முடிவுக்கு ஓர் இடம் உண்டு. கதருக்கும் கறுப்புக்கும் நடந்த பழைய சண்டை தீர்ந்துபோனதை அது காட்டியது. வென்றவர் சட்டையும் தோற்றவர் சட்டையும் ஒரே வெள்ளை. இனிமேல் தமிழ்நாட்டில் அரசியல்வாதி என்றால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று குழந்தையும் படம் வரையும். சட்டைப் பையில் தெரியும் தலைவர் படத்தையும் வேட்டிக் கரையையும் பார்த்துத்தான் கட்சியைக் கண்டுபிடிக்கவேண்டும்.

சட்டை அரசியல் பேசுவதை நிறுத்திய அந்தக் காலத்தில் தெருவில் அது ரசனை பேசத் தொடங்கியது. எந்தக் கட்சி என்ற கேள்விக்குப் பதிலாக எந்த நடிகர் என்று கேட்க முடிந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் காலரோடு பெல்பாட்டம் சேர்ந்தது. மேலே இரண்டு பொத்தான் போடாமல் விடுவது ரஜினி ரசிகரின் அடையாளமாயிற்று. வீட்டில் அப்பா திட்டினார். பிள்ளை தெருமுனை வரை பொத்தானைப் போட்டுப் போய், திரும்பியதும் கழற்றினான்.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் மட்டும் ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே நூற்ற கதர் அக்டோபர் 2 தள்ளுபடியில் விற்பனைக்கு வந்தது. ஆசிரியர்களும் பழைய தியாகிகளும் வாங்கினார்கள். திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிய இளைஞர்கள் அந்தக் கடையைத் தாண்டிப் போனார்கள். இதை வருத்தத்தோடுதான் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. கத்திரி வெயிலுக்கு உகந்த துணி பக்கத்து ஊரிலேயே நெய்யப்பட்டது. அதைப் பிள்ளைகள் ஆசைப்படும் வெட்டில், ஆசைப்படும் நிறத்தில் தைத்துக் கொடுக்க அன்று யாரும் முன்வரவில்லை.

சுருங்கிய காலர்

பெரிய காலர் பத்து வருடம்கூட நிலைக்கவில்லை. எண்பதுகள் தொடங்கியதும் நுனி சுருங்கியது. பூக்கள் மறைந்து கோடுகளும் கட்டங்களும் வந்தன. 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானபோது, எழுபதுகளின் சட்டைகள் அடுப்பங்கரையில் கரித்துணியாகிக்கொண்டிருந்தன. டெரிகாட்டன் என்பதால் அந்த வேலைக்கும் சரிப்படவில்லை. தண்ணீரையே உறிஞ்சாத துணி அடுப்பு மேடையில் என்ன துடைக்கும்?

தையல் கடைகளுக்கு இன்னும் ஒரு பத்தாண்டு நல்ல காலம் இருந்தது. அளவு நோட்டுகள் நிரம்பின. ஆனால் சாலையோரத் துணிக்கடைகளில் ஒரு புதுச் சரக்கு எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. ஒழுங்காக மடித்து, காலருக்குள் அட்டை செருகி, கண்ணாடிக் காகிதப் பையில் போட்ட சட்டை. கழுத்துப் பக்கம் ஒரு சின்னச் சீட்டு. அதில் ஓர் எண்: 38, 40, 42.

அந்தச் சட்டைகள் எல்லாம் பம்பாயிலிருந்து வரவில்லை. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, மாங்காய்க்கும் புளிக்கும் மாரியம்மன் கோயில் பூக்குழிக்கும் பேர்போன நத்தத்தில் வீட்டு முன்கட்டுகளிலும் சிறு கூடங்களிலும் தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. அடுக்கடுக்காகத் துணியைப் பரப்பி ஒரே வெட்டில் பல சட்டைகளுக்கு வெட்டினார்கள். ஒருவர் காலர் மட்டும். ஒருவர் கை மட்டும். காஜாவுக்கு இயந்திரம். கூலி நாளுக்கு இல்லை, பீஸுக்கு.

அங்கே அளவு நோட்டு இல்லை. இறங்கிய தோளுக்குக் குறி போடும் பென்சில் இல்லை. எந்த ஊரில், எந்த உடம்பில் ஏறப்போகிறது என்று தைத்தவருக்குத் தெரியாத சட்டை அது.

தீபாவளிக்கு முந்தைய இரவு வரை தையல்காரர் வாசலில் காத்துக் கிடந்த சனம், தன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் தைத்த சட்டையை எதை நம்பி வாங்கத் துணிந்தது?

(அடுத்த வாரம்: நத்தத்தின் நாற்பதாம் நம்பர் சட்டை)